தடம் விழாத கட்டை

திண்டுக்கல் ரயிலடியில் வாடகைக் கார் போட்டிருந்தவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பிரேக்கில் வந்து நிற்கும். கார்கள்தான் நிற்காது. எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போய் நாலு கை மாறி வந்த வண்டிகள். ஒருவருக்கு ரப்பர் போயிருக்கும், ஒருவருக்கு ஆயில் ஒழுகும், இன்னொருவருக்கு மிதித்தால் இடப்பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சாக்கடையைப் பார்த்துத் திரும்பும். சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வருகிற வரைக்கும் வண்டி பட்டறையில் கிடக்கும். வந்தபின் கேட்கிற கூலியில் சொந்தக்காரருக்கு மயக்கம் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்தவரும் ஒரு பழைய கார் வைத்திருந்திருப்பார்.

இந்தப் புலம்பலில் குரல் ஓங்கியிருந்தது ஆண்டிச்சாமிக்குத்தான். சாணார்பட்டிப் பக்கம் கிணற்றோடு இருந்த தோட்டத்தை விற்றுக் கார் வாங்கியவன். நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் நம்பியது போதும், இனி இரும்பை நம்புவோம் என்று நினைத்தான். வெண்டைக்காயாவது பொய்த்தால் ஒரு போகத்தோடு போகும்.

கார் முதல்தடவை கைவிட்டது, அவன் பெண்டாட்டி சுப்புத்தாயின் தம்பி கல்யாணத்துக்குப் போன அன்று. ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் பிரேக்கை மிதித்தான். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்தும் வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் பழனியாண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின் சீட்டிலிருந்த சுப்புத்தாய் கதவைத் திறந்து படியில் நின்றாள். சீர்ச் சாமான்களில் இருந்த பலா மணையைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். மணை இரண்டாகப் பிளந்தது. கார் நின்றது. மாப்பிள்ளை அன்றைக்குப் பாதி மணையில் உட்கார்ந்துதான் தாலி கட்டினான்.

அதற்கப்புறம் மதுரையில் ஒரு பெரிய பட்டறையில் மூன்று தடவை பிரேக்கைச் சரிபண்ணினான். மூன்று தடவையும் சோழவந்தான் தாண்டுவதற்குள் பழைய கதைதான். நாலு மிதி மிதித்தால் அரைகுறையாகப் பிடிக்கும். சரிவில் அதுவும் இல்லை. கடைசித் தடவை திரும்பி வந்தவன் வாசலில் நின்று, "இனி அவனுக்கு ஒரு சல்லி குடுத்தா என் பேரு ஆண்டிச்சாமி இல்ல" என்றான்.

"பேரு வேற மாத்தணுமாக்கும்" என்றாள் சுப்புத்தாய். அவள் அவனுக்கு அத்தை மகள். சின்ன வயசிலிருந்தே அவனைப் பகடி பண்ணிப் பழகியவள். "நான் வாரேன் மாமா. பின்னால உக்காந்துக்கிடுறேன். சரிவு வந்தா எறங்கிக் கட்டையப் போடுறேன். அன்னிக்குப் போட்டவ யாரு?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். மறுநாள் அவள் ஆசாரியிடம் போய்ப் புளியமரத்து அடிக்கட்டையில் ஒருபக்கம் சரிவாக இழைத்து, தூக்குவதற்குக் கயிற்றுப் பிடி வைத்து வாங்கிவந்துவிட்டாள்.

அப்படித்தான் அவள் காரில் ஏறினாள். சரிவிலோ ரயில்வே கேட்டிலோ ஆண்டிச்சாமி வண்டியைக் கியரில் அடக்கி ஊரவிடுவான். அவள் கதவைத் திறந்து படியில் நின்று, ஒரு கையால் கதவுத் தூணைப் பிடித்து, மறுகையில் கட்டையோடு எட்டி இறங்குவாள். கூடவே நாலு எட்டு நடந்து சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாள். கார் கட்டையில் ஏறி முனகிக்கொண்டு நிற்கும். ஸ்டாண்டில் சிரித்தார்கள். ரெண்டு பிரேக் வைத்த கார் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தக் காரைத்தான் தேடி வந்தார்கள். பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள, வாந்தி எடுக்கிற பெண்ணுக்குத் தலை பிடிக்க ஒருத்தி இருக்கிறாள் என்று.

சுப்புத்தாய்க்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் சாணார்பட்டியும், திண்டுக்கல்லில் குடியிருந்த சந்தும்தான். சந்துப் பெண்கள் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவார்கள்; கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். காரில் ஏறின பிறகு பழனி பார்த்தாள். வைகையைக் கட்டி நிறுத்தியிருந்த தண்ணீரைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் எங்க மாமா இருந்துச்சு?" என்று கேட்டாள். மதுரையில் ஓட்டலில் உட்கார்ந்து பூரி தின்றாள். பூரி உப்பியிருந்ததை விரலால் குத்தி ஆவி போவதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, கல்யாணப் பந்தலில்கூட அவன் பார்க்காத சிரிப்பு.

மேட்டுப்பட்டியில் செபஸ்தியான் என்று ஒரு மெக்கானிக் புதிதாகப் பட்டறை போட்டான். ஒரு பங்குனியில், அம்மன் கொண்டாட்டத்துக்குச் சுப்புத்தாய் பிறந்த வீடு போயிருந்த சமயம், அவனே ஆண்டிச்சாமியைத் தேடி வந்தான்.

"சாமான் எல்லாம் அசல் வந்துருக்குண்ணே. ஒருவாட்டி என் கையில குடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா கூலி வேணாம்."

பிடித்தது. அப்படிப் பிடித்தது. சாணார்பட்டி ரோட்டில் ஆண்டிச்சாமி வேண்டுமென்றே சரிவில் விட்டு மிதித்துப் பார்த்தான். கார் கட்டிப்போட்ட மாடுபோல் அசையாமல் நின்றது. இதைச் சுப்புத்தாயிடம் எப்படிச் சொல்வது, கண்ணை மூடச் சொல்லிவிட்டு மிதித்துக் காட்டலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே மச்சினன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

கார்ச் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். கையில் கட்டை. அம்மனிடம் வைத்துக் கும்பிடவென்று கொண்டுபோயிருந்ததைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள்.

"எங்க வாடகை மாமா? கொடைரோடா?" என்று கேட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்து, கட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

ஆண்டிச்சாமிக்கு வாய்வரைக்கும் வந்த வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. பிரேக் நன்றாகிவிட்டால் கட்டை எதற்கு? கட்டை இல்லாவிட்டால் அவள் எதற்கு? வாடகைக்கு வருகிறவன் சீட்டுக்குச் சீட்டு எண்ணுகிறவன். சும்மா பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று ஸ்டாண்டில் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவளுமே கூச்சப்பட்டு இறங்கிவிடுவாள். 'சும்மா கூட வா' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு எனக்கும் உங்களுக்கும் அது எளிதாகத் தெரிகிறது. அவன் அப்பன் அவன் ஆத்தாளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை.

"ஆமா, கொடைரோடுதான்" என்று பொய் சொல்லி வண்டியை எடுத்தான்.

அன்றிலிருந்து பூப்போல மிதித்தான். சரிவில் பழையபடி ஊரவிட்டான். அவள் இறங்கிக் கட்டையைப் போட்ட பிறகு, அதில் சக்கரம் தொட்டதும் தொடாததுமாக நிறுத்தினான். பொய் ஒன்று சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது வேண்டுமே. ஸ்டாண்டில் முன்னைவிட உரக்கப் பிரேக்கைத் திட்டினான். செபஸ்தியானும் சரியில்லை, எல்லாம் களவாணிப் பயல்கள் என்றான். செபஸ்தியானுக்கு வர இருந்த இரண்டு வண்டிகள் வேறு பட்டறைக்குப் போயின. அவன் வந்து கேட்டபோது, ஆண்டிச்சாமி அவனைத் தனியே கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னான்.

செபஸ்தியான் தலையைச் சொறிந்தான். "சொல்லிக்கங்கண்ணே. என் பொழப்பு எப்படியோ போகுது. ஆனா ஒண்ணு. இது இப்பப் பழைய பிரேக் இல்ல. பதறி மிதிச்சிறாதீங்க."

ஆண்டிச்சாமி சரி சரி என்றான். பங்குனி போய், ஆடி போய், ஐப்பசி வந்தது.

அன்று தோல் மண்டி பக்ருதீன் ராவுத்தர் வீட்டாரை வேடசந்தூரில் ஒரு விசேஷத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் முன்னால். பின்னால் அவர் மனைவி அஜீஸுன்னிசாவும் சுப்புத்தாயும் வெற்றிலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலத் தூறல். ஊர் நெருங்கிவிட்டது, மலைக்கோட்டை மேகத்துக்குள் பாதி தெரிந்தது. ரயில்வே கேட்டுக்கு இறங்குகிற சரிவில் கேட் மூடியிருந்தது. ஆண்டிச்சாமி வண்டியை ஊரவிட்டான். சுப்புத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து ஈரப் படியில் நின்றாள்.

அப்போது ஓர் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் குறுக்கே ஓடிவந்தாள்.

ஆண்டிச்சாமி பதறி மிதித்தான். கார் அந்த இடத்திலேயே நின்றது. பெண்ணுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டு போயிற்று. நல்லவேளை என்று ராவுத்தர் மூச்சுவிட்டார். அதற்குப் பிறகுதான் அஜீஸுன்னிசா, "அக்காவக் காணமே" என்றாள்.

படியில் நின்றவள் முன்னால் தூக்கி எறியப்பட்டு, சாலையோரக் கல்லில் தலை மோதிக் கிடந்தாள். கட்டை அவள் கைக்கு எட்டாமல் உருண்டு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் அவளுக்கு நினைவு திரும்பியது. ஆண்டிச்சாமி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க அவன் மனசுக்குள் ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லிவிட்டான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சுப்பு. பங்குனியிலயே சரி பண்ணிட்டேன். ஒங்கிட்டச் சொல்லல."

அவள் கண்ணைத் திறக்காமலே, "தெரியும் மாமா" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

"முன்னெல்லாம் சக்கரம் ஏறி அமுக்கி, கட்டையில தடம் விழுகும். ராத்திரி வீட்டுக்கு வந்து தொட்டுப் பாப்பேன். பங்குனிக்குப் பெறகு தடமே விழுகல."

"ஏன் புள்ள கேக்கல?"

"கேட்டா, வீட்டுல இருந்துக்கன்னு சொல்லிட்டீங்கன்னா?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நீங்க சொல்லாம மிதிக்கிறதப் பாத்தேன். மெல்ல, மெல்ல மிதிப்பீங்க. சரி, நம்ம கூட வாரது இவருக்குப் பிடிச்சிருக்குன்னு வெளங்கிருச்சு. அம்புட்டுத்தான். பெறகு என்னத்தக் கேக்க?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், அவன் வெட்கப்படவில்லை. "நல்லாகி வா. முன்னால உக்காத்தி வச்சே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவள் உதடு லேசாக அசைந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகிற வார்த்தை அவனுக்குக் கடைசியில் வாய்த்தது, போகிறவளிடம் சொல்ல.

காரியம் முடிந்த கையோடு ஸ்டாண்டுக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். அதே மூச்சில், இதை இப்படியே விடக்கூடாது என்றார்கள்.

"அந்த செபஸ்தியான் பயலால ஒரு உசுரு போயிருச்சு. ஒன் வாயாலயே எத்தன தடவ சொல்லிருக்க. நாளைக்கு வண்டியப் பாக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வாராரு. நீ பிரேக் பிடிக்கலன்னு சொல்லு, நாங்க சாட்சி சொல்றோம்."

தன் வாய் கட்டிவிட்ட கதை அடுத்தவன் பட்டறையை இழுத்து மூடுகிற அளவுக்கு வளர்ந்து நிற்பதை ஆண்டிச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் ரயில்வே கேட்டுச் சரிவில் கூட்டம். ஸ்டாண்டுக்காரர்கள் ஒருபக்கம், முகம் வெளுத்துப்போன செபஸ்தியான் ஒருபக்கம். பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார். அன்றைக்கு யாரோ எடுத்துப் பின் சீட்டில் போட்டிருந்த கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"என்னய்யா, பிரேக் பிடிக்கலையாமே?"

"பிடிக்குங்க" என்றான் ஆண்டிச்சாமி. "செபஸ்தியான் பாத்த வேலை. அதுல ஒரு கொறையும் இல்ல. அன்னிக்கும் பிடிச்சதுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. இன்ஸ்பெக்டர் அதை நம்பாமல் தானே ஏறி, காரை மேட்டுக்குக் கொண்டுபோய், வேகமாகச் சரிவில் விட்டு மிதித்தார். கார் நின்றது. இன்னொருமுறை மேட்டுக்குப் போய் விட்டார். அப்போதும் நின்றது. இறங்கி வந்தவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது.

"இந்த ஊர்லயே இம்புட்டு நல்ல பிரேக் நான் பார்க்கல. அப்புறம் அந்தம்மா எதுக்குக் கட்டையோட படியில நின்னுச்சு?"

ஆண்டிச்சாமி பின் சீட்டைப் பார்த்தான். கட்டையில், கயிற்றுப் பிடியின் இடுக்கில், குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"எங்கூட வாரதுக்குங்க" என்றான்.

இன்ஸ்பெக்டருக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்ன?" என்றார். செபஸ்தியான் மட்டும் தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தண்டவாளத்துப் பக்கம் திரும்பி நின்றான்.