கழன்று விழுந்த ஸ்க்ரூ

சலூன்காரருக்கு வாய் ஓயாது. கத்தரி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சிரிப்பு வந்தால் மட்டும் கை தானாகப் போய் வாயை மூடிக்கொள்ளும். மேல்வரிசைப் பற்கள் அந்த அளவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. நாற்பதைத் தாண்டிய பிறகு, மனைவி பிடித்த பிடியில்தான் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு அழகு?"

"உங்க அழகை யாரு கேட்டா? மனசு விட்டுச் சிரிக்க மாட்டேங்கிறீங்க, அதான்."

முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும். கடைவாய்ப் பற்களைப் பிடித்து இழுத்தால் அவையும் முன்னால் வந்துவிடும் என்று சொல்லி, டாக்டரம்மா ஈறு வழியாக எலும்பில் பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டி ஸ்க்ரூ இறக்கினார். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலிக்கவில்லை. யாரோ விரலால் அழுத்துவது போலத்தான் இருந்தது.

இடது பக்கத்து ஸ்க்ரூ இருக்குமிடம் தெரியாமல் இருந்தது. வலது பக்கம் கன்னத்தில் உறுத்தியது. அதிலிருந்து சலூன்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் மெல்லுவதில்லை. பிரஷ்ஷை அண்டவிடுவதில்லை. கைக்குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார். முடிவெட்ட வந்தவரைத் தலை குனியச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் தன் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது வாஷ்பேசினில் 'டங்'கென்று ஏதோ விழுந்தது. ஸ்க்ரூதான். அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"எல்லாம் போச்சு டாக்டர். என் எலும்பே சரியில்ல போல."

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்.

"பல் தேய்க்கிறீங்களா?"

"ரெண்டு வேளையும்."

"இந்தப் பக்கம்?"

சலூன்காரர் திருதிருவென்று விழித்தார். "பிரஷ் பட்டா கழன்றுடும்னு..."

"அண்ணே, அழுக்கு சேர்ந்து ஈறு எப்படி வீங்கியிருக்கு பாருங்க. வீக்கம் உள்ளே இறங்கினா ஸ்க்ரூவுக்குப் பிடி விட்டுப்போகும்." கன்னத்தை விலக்கி இன்னொரு முறை பார்த்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுட்டேன். இங்க ஈறு கெட்டியா இல்ல, வாய் அசைஞ்சா கூடவே அசையும். நீங்க பேசப் பேச உரசிக்கிட்டே இருந்திருக்கும்."

"நான் என்ன, அளவாத்தான் பேசுவேன் டாக்டர்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வீக்கம் வற்றட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்து, வேர்களில் இடிக்காமல், ஈறு கெட்டியாக உள்ள இடமாகப் பார்த்து வேறு ஸ்க்ரூ இறக்கினார் டாக்டரம்மா. பல்லுக் கம்பியை ஸ்க்ரூவோடு சேர்த்துப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கையும் முதலில் லேசாக இழுக்கும்படிதான் மாட்டினார்.

வீட்டில் புது பிரஷ்ஷை வலது பக்கம் கொண்டுபோகும்போது சலூன்காரரின் கை நடுங்கியது.

"ஊர்ல உள்ளவங்க கழுத்துலயெல்லாம் கத்தி வைக்கிறீங்க, அப்ப நடுங்கல. ஒரு பிரஷ்ஷுக்கு இந்த நடுக்கமா!" என்றாள் மனைவி.

நடுக்கம் போனது, ஈறும் வெளிர்சிவப்பாகத் தெளிந்தது. மாதங்கள் போகப் போக முன்பற்கள் உள்ளே தள்ளிப்போய், மேலுதடும் கீழுதடும் முயற்சி இல்லாமலே ஒன்றையொன்று தொட ஆரம்பித்தன. ஒருமுறை டாக்டரம்மா இடுக்கியால் ஸ்க்ரூவை அசைத்துப் பார்த்தார். அசையவே இல்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணே."

துணைக்கு வந்திருந்த மனைவி மெல்ல முன்னால் வந்தாள். "டாக்டர், எனக்கும் இங்க ஒரு பல்லு கோணலா இருக்கு. கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவள் நாற்காலியில் சாய்ந்துகொள்ள, சலூன்காரர் வெளியே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் இருந்தார்.

"உங்களுக்கும் ஸ்க்ரூவா? பயந்துகிட்டுத் தேய்க்காம விட்டுடாதீங்க" என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.