ஏற்றிவிடும் கை

உச்சந்தலை வலிக்கிறது, சும்மாடு உட்காரும் அதே இடத்தில், உப்பளத்துக்குப் போவதை நிறுத்தி வருசமான பிறகும் பாரம் இறங்காத மாதிரி, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தபடி தொட்டுப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை, ஆனாலும் உப்புச் சட்டிக்கு அடியில் நாலு கைகள், ரெண்டு என்னுடையவை, ரெண்டு என் புருசனுடையவை, ஏட்டி பிடிச்சிக்கோ என்கிறார், தூத்துக்குடி வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது, நிறைந்த சட்டியைத் தனியாளாய்த் தலைக்கு ஏற்ற முடியாது, அவர் எனக்குத் தூக்கிவிடுவார், நான் அம்பாரக் குவியலில் கொட்டிவிட்டு வந்து அவருக்குத் தூக்கிவிடுவேன், வாங்கிய தூக்கைத் திருப்பாமல் யாரும் அளத்தைவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, நீங்க எந்த அளத்துக்காரங்க, பெஞ்சில் பக்கத்திலிருந்து கேட்கிறார் அதே புருசன், கோயில்பிள்ளை, வாய் ஒருபக்கம் கோணி, வலக்கை மடியில் செத்துக் கிடக்க, கல்யாண நாளிலிருந்து ஏட்டி தவிர வேறு அறியாத வாயில் இப்போது நீங்க, மரியாதை கூடக் கூட நான் யாரோ ஆகிறேன், ஒங்க அளம்தான், அப்படியா, பாத்ததில்லையே.

டாக்டரம்மா கூப்பிட்டு மூளைப் படத்தில் கறுத்த இடத்தைக் காட்டுகிறார், பக்கவாதத்துல ரத்தம் போகாம செத்த இடம்மா, ஞாபகமும் அதோட போயிட்டிருக்கு, புதுசா ஒரு ஆராய்ச்சி நடக்குது, ஒரு கிருமியிலேர்ந்து நோயை எடுத்துட்டு அந்த வெறுங்கூட்டுல மரபணுவை ஏத்தி மூளைக்கு அனுப்புறாங்க, தழும்பா நிக்கிற செல்லு நரம்புச் செல்லா மாறும், எலிக்குப் பண்ணிப் பாத்திருக்காங்க, எலிக்கு என்ன ஆச்சு தாயி, மறந்த வழி திரும்பத் தெரிஞ்சுது, பொண்டாட்டியத் தெரிஞ்சுதா, டாக்டரம்மா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார், அத யாரும் கேக்கலம்மா, அப்ப இவரையும் அந்த எலியளோட சேத்துக்கிடுங்க, மனுசங்களுக்கு இன்னும் வரல, எப்ப வரும்னு சொல்லி ஆசை காட்ட மாட்டேன் என்கிறார், நல்ல மனுசி, பொய் சொல்லத் தெரியவில்லை.

கண்ணை மூடினால் கண்ணுக்குத் தெரியாத அந்த வெறுங்கூட்டுக் கிருமி ஒன்று, நிறைந்த சட்டியோடு அவர் மண்டைக்குள் நிற்கிறது, தூக்கிவிட ஆளில்லாமல், வாதம் வந்து அவர் விழுந்த அன்றைக்கும் அப்படித்தான், எனக்கு ஏற்றிவிட்டார், நான் கொட்டிவிட்டுத் திரும்புகிறேன், அவர் சட்டி நிறைந்து இருக்கிறது, பக்கத்தில் உப்பில் கன்னம் பதித்துக் கிடக்கிறார், என்ன வெளையாட்டு எந்திரிங்க என்று அதட்டுகிறேன், இன்னும் அதட்டிக்கொண்டே இருக்கிறேன், போவமா என்கிறார், கண்ணைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசல், மருந்துப் பையை எடுக்கக் குனிகிறேன், அவர் இடக்கை பைக்கு அடியில் வந்துவிட்டது, இருங்க, ஏத்திவிடுதேன், சனம் பார்க்கிறது, பார்க்கட்டும், தலையைக் கொடுக்கிறேன், மாத்திரையும் சீப்பும் கிடக்கிற பை உச்சியில் வந்து உட்காருகிறது, வலிக்கிற இடத்திலேயே, பிடிச்சிக்கோங்க, கொட்டிட்டு வெரசலா வாங்க, எனக்கு ஏத்திவிட ஆளில்ல என்கிறார், வாரேன், எங்கேயும் போயிர மாட்டேன், அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று, இவருக்கு நான் ரெண்டு தூக்கு பாக்கி.