பச்சை பூசின ஜன்னல்

மணவாள நகரில் அந்த ஒற்றை ரூமுக்கு ஒற்றை ஜன்னல். தெற்குச் சுவரில், ஆறு கண்ணாடி வைத்த ஜன்னல். அந்த ஆறு கண்ணாடிக்கும் பச்சை பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்று சந்திரகலாவும் அவள் புருஷன் முனிகிருஷ்ணனும் எட்டு நாளாக மல்லுக்கட்டினார்கள். சிரிக்காதீர்கள். அவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

முனிகிருஷ்ணன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவன். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்பு இறங்கி டொம்மென்று அடிக்கும். ராத்திரி பூரா இதேதான். பர்மனெண்ட் ஆகிறவரைக்கும் நைட் ஷிப்ட்தான் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ரயிலைப் பிடித்து வந்து, நாஷ்டா தின்றுவிட்டு, ஒன்பது மணிக்குப் பாயைப் போடுவான். தூக்கம் வரணுமே? தை மாசத்து வெயில் தெற்கே சாய்ந்து வந்து நேரே அவன் மூஞ்சியில் விழும்.

ரூம் அகலம் ஐந்தடி. அவன் உயரம் ஐந்தே முக்கால். குறுக்கே படுக்க முடியாது. நீளவாக்கில், ஜன்னலுக்குக் கீழே தெற்கே தலை வைத்துத்தான் படுத்தாக வேண்டும். பழைய புடவையைக் கட்டிப் பார்த்தார்கள், அது வெளிச்சத்தை வடிகட்டித் தந்தது. போர்வையைக் கட்டலாமென்றால் இருந்தது ஒரே போர்வை, அது அவன்மேல் கிடந்தது. துண்டை மூஞ்சியில் போட்டுப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை, உதறிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"கண்ண மூடிக்கினா பிரஸ் எறங்குற மாரியே கீதுமே," என்றான்.

அதற்கும் காரணமிருந்தது. மார்கழியில் பக்கத்து மிஷின் அப்பாவு, விடியற்காலம் நாலு மணிக்குக் கண் செருகி, ரெண்டு விரலை உள்ளே விட்டுவிட்டான். முனிகிருஷ்ணன்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சட்டையில் ஒட்டின ரத்தத்தைச் சந்திரகலாதான் அலசினாள். அன்றிலிருந்து அவன் வீடு திரும்பினதும் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பாள். பத்து விரலும் இருந்தால்தான் சோறு போடுவதற்கே அவளுக்குக் கை வரும்.

அப்படியிருக்க, பெயிண்ட் அடித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்த ஜன்னலண்டைதான் சந்திரகலாவின் தையல் மிஷின். தெருவில் பாதி ரவிக்கை அவள் தைத்ததுதான். வெளியே கொண்டுபோய்ப் போட வாசலில் இடமில்லை, குழாயடிக் குடமெல்லாம் அங்கேதான் வரிசை நிற்கும். பல்பைப் போட்டால் அதற்கும் முழித்துக்கொள்வான். ஆக அந்த ஜன்னல் வெளிச்சம்தான் அவள் பிழைப்பு.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மிஷின் சத்தத்தால் அவன் தூக்கம் கெடுமென்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பிரஸ் ஓசையிலேயே கிடந்து பழகினவனுக்குத் தலைமாட்டில் மிஷின் கடகடவென்று ஓடினால்தான் கண் அசரும். நின்றால் பொசுக்கென்று முழித்துக்கொள்வான். வெளிச்சம் ஆகாது, சத்தம் வேண்டும். அவளுக்கோ வெளிச்சம் இல்லாமல் சத்தமே வராது. நல்ல ஜோடியைத்தான் சேர்த்து வைத்தான் கடவுள்.

கம்பெனியில் மிச்சமான பச்சை பெயிண்டை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கி வந்திருந்தான். அது எட்டு நாளாக அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு அடிச்சிக்கலாம்," என்பாள் அவள். மறுநாள் கேட்டால், "இன்னிக்கி வெள்ளிக்கெழம." அதற்கு மறுநாள், "கண்ணாடில தூசி கீது, கழுவிட்டு அடி." அவனும் கோபப்படாமல் சரியென்பான். அவன் கோபப்படாததுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, எழுந்தால் நிலைகொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் வந்தவன் தட்டின் முன்னே உட்கார்ந்து, வலது கையை வெறித்துக்கொண்டேயிருந்தான்.

"இன்னாயா?"

"ஒண்ணுமில்ல. நேத்து கண்ணு செருகிச்சி. கை உள்ளாறதான் இருந்திச்சி. யாரோ இருமினான், முழிச்சிக்கினேன்."

சந்திரகலா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். யாரோ ஒருத்தனுக்கு இருமல் வந்ததால் புருஷன் கை தப்பியிருக்கிறது, இவள் வெள்ளிக்கிழமை பார்த்துக்கொண்டிருந்தாள்! பானைக்குப் பின்னாலிருந்த டப்பாவை அவளே எடுத்து வந்தாள். பழந்துணியைச் சுருட்டித் தோய்த்து ஆறு கண்ணாடியையும் அவளே பூசினாள். ஒரு கோடு வெளிச்சம்கூட விடவில்லை.

ரூம் பாசி பிடித்த கிணற்றுக்குள் இருக்கிறாற்போல் ஆகிவிட்டது. முனிகிருஷ்ணன் அன்றைக்குத் தூங்கினான் பாருங்கள், ஒரு தூக்கம்! வாயைப் பிளந்துகொண்டு, புரண்டுகூடப் படுக்காமல் மூணு மணி வரைக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாயிருந்தது, கூடவே மூச்சு முட்டுகிற மாதிரியும் இருந்தது. துணியை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, தையல் போகிற வழியை விரலால் தடவித் தடவித் தைத்தாள். ஊசியில் நூல் கோக்கப் பத்துத் தரம் நாக்கில் ஈரப்படுத்த வேண்டியிருந்தது. மிஷின் மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் அவன் எழுந்துவிடுவானே!

அந்த வாரம் குழாயடிக்கு எதிர்வீட்டுக் கெங்கம்மாள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கு அரக்குக் கலரில் ரவிக்கை. சந்திரகலா தைத்து முடித்து, விளக்கு வைத்த நேரத்தில் சுருட்டிக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கெங்கம்மாள் கதவை உதைக்காத குறையாக உள்ளே வந்தாள்.

"ஏண்டி, ஒனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? பாருடி இத, பாரு!"

ரவிக்கையை உள்பக்கம் திருப்பி அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். சந்திரகலா மிஷினை நிறுத்திவிட்டு அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் தெரிந்தது. தோள், கை, இடுப்பு, கொக்கிப் பட்டி அத்தனையும் கறுப்பு நூல். அரக்கு நூல்கண்டும் கறுப்பு நூல்கண்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தவை. பச்சை வெளிச்சத்தில் ரெண்டும் ஒரே கறுப்பு.

"விடிஞ்சா தாலி ஏர்ற பொண்ணு! அது ஒடம்புல கறுப்பச் சுத்தி அனுப்புறியே, அதுங்க நல்லாயிருக்க வேணாவா?"

"யக்கா, சத்தியமா வேணும்னு பண்ணல யக்கா. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சித் தச்சிக் குடுத்துடுறேன்."

"குடுக்கல, அப்பறம் இந்தத் தெருவுல ஒருத்தி ஒன்கிட்ட துணி குடுக்க மாட்டா, சொல்டேன்!" கெங்கம்மாள் ரவிக்கையை அவள்மேல் வீசிவிட்டுப் போனாள்.

அந்தக் கூச்சலுக்கு அசையாத முனிகிருஷ்ணன், மிஷின் நின்று ரெண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். சந்திரகலா வாசல்படியில் குந்தி, நூலைப் பிரித்துக்கொண்டே அழுதாள். அபசகுனம் பிடித்தவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவள் மிஷினைத் துடைத்து மூலையில் வைத்துவிட வேண்டியதுதான்.

அவன் எழுந்து வந்தான். மாடத்திலிருந்து சவர பிளேடை எடுத்து, மிஷினை ஒட்டின ரெண்டு கண்ணாடியையும் சுரண்ட ஆரம்பித்தான்.

"யோவ், வேணாய்யா! நீ தூங்கணும்யா!" பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "நான் வாசல்லயே நூலு பார்த்துக்கறேன்."

"நூலு பார்ப்ப. அப்பறம் இருட்டுல ஊசிய வெரல்ல எறக்கிக்குவ. எனுக்குப் பத்து வெரலு வோணும், ஒனுக்கு வோணாவா?"

பச்சை துகள் துகளாக உதிர்ந்தது. வெயில் உள்ளே வந்து முதலில் ஊசிமேல் விழுந்தது, அப்புறம் பாய்மேல், சரியாக அவன் தலையணைமேல். அவன் அதை எடுத்துக்கொண்டுபோய், அடுப்பண்டை, பாயின் அந்தக் கோடியில் போட்டான். போட்டுப் படுத்தும்விட்டான். அங்கே இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் அது வடக்கு.

சந்திரகலா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திரு! வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தல வைக்காதன்னு சொல்லுவாங்க. இன்னாத்துக்குய்யா இப்டி என்னச் சாவடிக்கிற?"

"எமன் கீற தெச இன்னாமே? தெக்குதானே? இம்மா நாளா அவன் மடிலதான் தல வச்சிக்கினு இருந்தேன். போ, போய்த் தையி. பேஜாரு பண்ணாத."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு வாதாட நேரமில்லை. அரக்கு நூலை வெயிலில் காட்டி, துணியோடு வைத்து மூணு தரம் பார்த்து, ஊசியில் கோத்து மிதித்தாள். தோள் முடிந்தது, கை முடிந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தரம் திரும்பி வடக்கே பார்த்தாள். நாலு மணிக்குக் கொக்கியும் வைத்தாகிவிட்டது. கெங்கம்மாளே வந்தாள். ரவிக்கையை வாசலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். பிழைப்பு தப்பியது.

திரும்பி உள்ளே வந்தாள். மிஷின் நின்று எவ்வளவு நேரமாகிறது? கொக்கி வைத்த நேரம், கெங்கம்மாள் நின்ற நேரம், எப்படியும் அரை மணி இருக்கும். நின்றால் ரெண்டு நிமிஷத்தில் முழிக்கிறவன் முழிக்கவில்லை. வடக்கே தலை வைத்து, மல்லாந்து, அசையாமல் கிடந்தான்.

"ஐயோ, மாரியாத்தா," என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, மூக்கண்டை விரலை வைத்துப் பார்த்தாள்.

அந்த விரலை அவன் பிடித்துக்கொண்டான். கண்ணைத் திறக்கவில்லை.

"செத்துட்டனான்னு பார்க்குறியா? அப்பவே முழிச்சிக்கினேன். ஆறு மணி வண்டிக்கு இன்னும் நேரம் கீது. ஓட்டுமே."

தைக்க ஒரு துண்டுத் துணிகூட மிச்சமில்லை. சந்திரகலா போய் உட்கார்ந்தாள், முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டாள். ஊசியிலிருந்த நூலை உருவிவிட்டு, அவன் வண்டிக்குக் கிளம்புகிறவரைக்கும் வெறும் மிஷினை ஓட்டிக்கொண்டேயிருந்தாள்.