ஆறுக்கு நாலில் அம்மா

காதோரத்து முடியை வெட்டுவதற்குள் கார்த்திகாவின் கை மூன்று தடவை தவறிவிட்டது. தினமும் நாலைந்து தலையாவது வெட்டுகிற கை. கழுத்தில் தொடங்கி, தாடையைச் சுற்றி, காதில் ஏறி, உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் நான்கு நிமிடம். பிறகு அந்தத் தலையைத் தூக்கி ஒரு பட்டுச்சேலை உடம்பின் மேல் வைக்க வேண்டியதுதான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கென்றே கடையின் கம்ப்யூட்டரில் பதினான்கு பட்டுச்சேலைகள் தலையில்லாமல் காத்துக் கிடந்தன.

இன்று வெட்டிக்கொண்டிருப்பது அவளுடைய அம்மாவின் தலை.

"எட்டாம் நம்பரப் போடு" என்றார், பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குழந்தைசாமி மாமா. அம்மாவின் ஒரே தம்பி. "அரக்குச் செகப்பு. எங்கக்கா சுமங்கலியாப் போயிருக்கா. பேனரப் பாத்தா மங்களமா இருக்கணும்."

அம்மா பொற்கொடி விடிகாலையில் மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் தெருமுனையில் ஆறுக்கு நாலு அடியில் பேனர் கட்டியாக வேண்டும்.

கீரமங்கலத்தில் வேறு பிளக்ஸ் கடை இல்லாமலில்லை. "நானே போட்டுட்டு வந்துடறேன்" என்று கார்த்திகாதான் எழுந்தாள். செத்தவ பக்கத்துல ஒக்காராம பொண்ணு கம்ப்யூட்டர் தட்டக் கெளம்பிருச்சு பாரு என்று வாசலில் யாரோ சொன்னது காதில் விழத்தான் செய்தது. என்ன செய்ய? உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்த இடத்திலேயே நாலு தடவை வைத்தாள். மாமாவின் பைக்கில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள்.

"அந்த வெள்ளைய எல்லாம் எடுத்துரு" என்றார் மாமா.

எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. கார்த்திகா பிறந்த மறு வருஷம் அம்மாவின் வாயோரத்தில் மிளகளவு தொடங்கிய வெண்படை, இடது கன்னத்தில் ஏறிக் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. தொத்தாது என்று டாக்டர் சொன்னார். ஊர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிடும்போதெல்லாம் பொற்கொடிக்குச் சமையல்கட்டில் வேலை வந்துவிடும்.

திரையில் இருக்கும் படம்கூட இதே கடையில் கார்த்திகா எடுத்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளிர் குழு அட்டைக்கு. எல்லோருக்கும் செய்வதுபோல அம்மாவுக்கும் கன்னத்தைத் துடைத்துச் சீராக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்கா. குழுக் கூட்டத்துக்கு இவளப் போகச் சொல்லு. நான் பூவெடுக்கப் போறேன்."

கடையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்க?" மாமா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். "ஆவணியில ஒன்னப் பொண்ணு பாக்க வாரதாச் சொன்ன திருப்பூர்க்காரங்க இன்னைக்குக் கேதத்துக்கு வாராங்க. ஐஸ்பெட்டிக்குள்ள இருக்குறத எவனும் உத்துப் பாக்க மாட்டான். பேனரு அப்புடியில்ல தாயி. காரியம் முடியிற வரைக்கும் தெருவுல நிக்கும்."

எந்த இடத்தை எடுத்து எந்த இடத்தில் பூச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நெற்றியிலிருந்து கொஞ்சம் நிறத்தை எடுத்தாள். கன்னத்துக்குக் கொண்டுபோனாள். வைக்கவில்லை.

"மாமா, வேற ஒரு படம் இருக்கு. பாக்கிறீங்களா?"

போன வருஷம் ஆலங்குடிக் கல்யாண மண்டபம் ஒன்றில் மூன்று நாள் திரைப்பட விழா நடந்தது. பேனரைக் கட்டிக் கொடுக்கப் போனவள், கயிறு மிச்சமிருந்ததால் உள்ளே கொடுத்துவிட்டு வரலாமென்று நுழைந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பாலக்காட்டுக்காரர் ஒருவர் எடுத்த படம். முப்பது வருஷத்தில் மூன்றே படம் எடுத்தவராம். ஓட்டலில் தட்டுக் கழுவும் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் கேமரா நிற்கிறது. வேலைக்குப் போன மகன் இனி வரமாட்டான் என்று யாரோ வந்து சொல்கிறார்கள். அவள் திரும்பவில்லை. இன்னும் மூன்று தட்டுக் கழுவுகிறாள். கேமராவும் நகரவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார், ஒருவர் எழுந்து போனார். ரவிக்கைக்குள் அவளுடைய தோள்பட்டை எலும்பு மட்டும் ஏறி இறங்கியது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அந்த மூன்று படத்தையும் தேடிப் பிடித்துப் போனிலேயே பலமுறை பார்த்தாள். பூப்புனித நீராட்டுப் பேனரில் பாதி இடத்தைச் சும்மா விட்டாள். "காசு குடுத்தவன் காலி எடத்துக்கா குடுத்தான்? அங்கிட்டு ஒரு ரோசாவ வைம்மா" என்று முதலாளி முத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பாலக்காட்டு மகராசன் என் பொழப்புல மண்ணப் போடாம விடமாட்டான் போல."

அப்போது எடுத்ததுதான் இந்தப் படம். காலை ஏழு மணி வெயில். கண்ணுக்கெட்டிய மட்டும் மல்லிகைச் செடி. நடுவில், மடியைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கும் அம்மாவின் முதுகு. தன் ஆயுளில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று கார்த்திகா நினைத்திருந்தாள். இதை யாரிடமும் காட்டியதில்லை.

இப்போது காட்டினாள். மாமா எகிறுவார், இது என்ன கூத்து என்பார். அதற்கு என்னென்ன சொல்வதென்று மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

மாமா வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அக்காவேதான். இந்த நிப்பு அவளுக்குத்தான் வரும்." மூக்கை உறிஞ்சினார். "இதையே போட்டுரு தாயி. மொகமும் தெரியல. ஒனக்கும் வேல மிச்சம். எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

முத்துராஜும் எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கும்மா. பேரு போடத் தாராளமா எடம் இருக்கு."

கார்த்திகா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். அடுக்கி வைத்த பதில்களுக்கு வேலையில்லாமல் போனது. ஒப்புக்கொண்டுவிட்டார்களே, பிறகு என்ன? பேனரை மூன்று மணிக்குள் அடித்துவிடலாம். வெயிலில் நின்றாள், நிழலுக்கு வந்தாள், மறுபடி வெயிலுக்குப் போனாள். சமையல்கட்டுக்குப் போகும் அம்மாவின் முதுகும் இதே முதுகுதானே என்று ஏன் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை? அந்தப் பாலக்காட்டுக்காரரிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு கோணத்தை மட்டும்தான். பார்க்கிறவனுக்கு நெளிவு வந்தாலும், இருமினாலும், எழுந்து போனாலும் கேமராவை நகர்த்தாமல் நின்றாரே, அதை அந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. அப்பா.

"தாயி, மாமன்கிட்ட மால சொல்லியாச்சான்னு கேளு."

"சொல்லியாச்சுப்பா."

"ம்." பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அப்பா நகர்ந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "ஒங்க சித்தி அம்மாவுக்குப் பவுடரப் பூசிவிட்டுருச்சு. கன்னத்துல அப்பி வச்சிருந்துச்சு. யாரோ பொம்பள படுத்துருக்க மாதிரி இருந்துச்சு எனக்கு. ஈரத்துணிய வச்சுத் தொடச்சிட்டேன்."

"சித்தி ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"சொல்லுச்சு. சொல்லட்டும்."

பின்னால் யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"வெரசா வந்துரு" என்று வைத்துவிட்டார்.

கார்த்திகா உள்ளே வந்து உட்கார்ந்தாள். தோட்டத்துப் படத்தை மூடினாள். எட்டாம் நம்பர் பட்டுச்சேலையை மூடினாள். வெட்டிய தலையை அழித்தாள். மகளிர் குழு அட்டைக்கு எடுத்த படம், கை வைக்காத அசல், அப்படியே திரை முழுக்க வந்தது. வெளிறிய பச்சை நூல்சேலை, வாயோரம், கன்னம், கண்ணுக்குக் கீழே. நேராகப் பார்க்கும் கண்கள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏ கிறுக்கி! என்ன செய்யிற?"

"இதான் மாமா அம்மா."

"எனக்குத் தெரியாதா? நான் அவகூடப் பொறந்தவன். உசுரோட இருக்கயில ஒரு கல்யாணத்துலயாச்சும் எங்கக்கா நிமிந்து நின்னு பாத்திருக்கியா? ஆயுசு பூரா அவ மறைச்சத, செத்த அன்னைக்கு ஆறுக்கு நாலுல தூக்கிக் கட்டுவியா? இதான் நீ அவளுக்குச் செய்யிற மரியாதையா?"

அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாளா, சிரித்திருப்பாளா? அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை.

"தெரியல மாமா" என்றாள். "ஆனா வேற மொகத்த வைக்க எனக்குக் கை வரல."

"திருப்பூர்க்காரங்க?"

"பாக்கட்டும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பெயரை அடித்தாள்: பொற்கொடி நல்லதம்பி. தேதிகளை அடித்தாள். ரோஜா வைக்கவில்லை. இரண்டு முறை எழுத்துச் சரிபார்த்து மெஷினுக்கு அனுப்பினாள்.

முத்துராஜ் பிளக்ஸ் துணிச் சுருளை மாட்டினார். மவுஸுக்குப் பக்கத்தில் தயங்கி நின்று, "டச் எதுவும் பண்ணலையாம்மா?" என்றார்.

"இல்லண்ணே."

அவர் பொத்தானை அழுத்தினார்.

மெஷின் இடமும் வலமுமாக இழுக்கத் தொடங்கியது. முதலில் முடி வந்தது. பிறகு வகிடு, நெற்றி, பொட்டு, புருவம். கண்கள் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. கதவு திறந்தது. மாமா உள்ளே வந்தார். திரையையோ மெஷினையோ பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"காய எவ்ளோ நேரமாகும்?"

"பத்து நிமிசம் மாமா."

கன்னத்துக்கு வந்தது. மை கொட்டும் பெட்டி அந்த இடத்தைக் கடக்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே கொட்டவில்லை. வெள்ளைத் துணி வெள்ளைத் துணியாகவே நகர்ந்து வந்தது. கார்த்திகா மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டாள். ஈரக் கன்னம் தரையில் பட்டு மடங்கிவிடாமல் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, அது வர வர ஏந்திக்கொண்டாள்.