பறவைகள் விட்டுப்போன களைப்பு

கோடையின் முதல் வாரத்தில், கடலைத் தாண்டி வந்த பறவைகள் கடற்கரை நிறுத்தத்தில் வரிசையாக நின்று, காட்டுக்குப் போகும் காலைப் பேருந்தில் ஏறின. முந்தைய ஆண்டுவரை அந்தத் தூரத்தையும் பறந்தே கடந்தன. இந்த முறை முடியவில்லை, அவ்வளவுதான். நாரை ஒன்று ஜன்னலோர இருக்கையைப் பிடித்தது. தகைவிலான் குருவிகள் மேல்கம்பியில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. குயில்கள் ஏறியதும் ஏறாததுமாகக் கண்ணை மூடிக்கொண்டன. யாருக்கும் மீதிச் சில்லறை தராததால் ‘சில்லறை’ என்றே பேர் வாங்கிவிட்ட நடத்துநர், டிக்கெட் கேட்பதா வேண்டாமா என்று ஓட்டுநரைப் பார்த்தார். “தூங்கறத எழுப்பி டிக்கெட் கேக்காதப்பா, பாவம்,” என்றார் ஓட்டுநர். வண்டி கிளம்பியது. ஆண்டுதோறும் கோடை முகப்பில் எந்தப் பறவை எங்கே தென்பட்டது என்று குறித்துவைக்கும் தொலைநோக்கிக்காரர்கள் அன்று பகல் முழுக்கக் கரையில் நின்று, வானத்தைப் பார்த்தே கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு, ஒன்றுமே தென்படவில்லை என்று அறிவித்தார்கள். நிறுத்தம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

காட்டு முனையில் பறவைகள் விழித்து, சிறகை உதறி, பின்வாசல் வழியாக இறங்கி மரங்களுக்குள் போயின. வண்டியில் எச்சமும் இறகும் கிடந்தன. அவற்றோடு களைப்பும் கிடந்தது. இருக்கையின் இடுக்குகளில் படிந்த சாம்பல் நிறத் தூள் அது, அரைத்த மாவு போல மெத்தென்று இருந்தது. திரும்பும் வண்டியில் அந்த இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தூங்கிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் நிறுத்தத்தைத் தாண்டிக் கடலோரம்வரை வந்து, அங்கும் இறங்க மனமில்லாமல் கிடந்தார். சாயங்காலம் பணிமனையில் வண்டியைப் பெருக்க ஓட்டுநரின் மனைவி வந்தாள். அங்கே பெருக்குவதுதான் அவள் வேலை. முறம் நிறைந்ததும் கை கனத்தது, கண் சொக்கியது. அது என்ன தூள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அதற்கு ஓர் ஆள் இருந்தாள்.

அவர்களுடைய மகள் இரண்டு ஆண்டுகளாகத் தூங்கவில்லை. காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தவள், ஒரு பிற்பகல் கட்டில் கம்பியில் தலை சாய்த்துக் கொஞ்சம் கண் அசந்தாள். விழித்தபோது குழந்தை இல்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உடம்புதான் சொல்லிக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமும் வரவில்லை, களைப்பும் வரவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் பள்ளிச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு அலமாரியைத் துடைத்தாள். புருஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். அவளைத் தனியே விழித்திருக்க விடக்கூடாது என்று பெற்றவர்கள் முறை வைத்து விழித்தார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கொட்டாவி விட்டார், பெருக்குகிறவள் துடைப்பத்தில் சாய்ந்தபடி நின்றாள். அந்த வீடு அலுத்துப்போயிருந்தது, மகளைத் தவிர.

பெருக்கியதை ஒரு பழைய டீத்தூள் டப்பாவில் அள்ளி வந்து தலையணையில் தூவினாள் அம்மா. “சும்மா தலைய மட்டும் சாய்ச்சு வைடி,” என்றாள். மகள் விடியும்வரை தூங்கினாள். எழுந்ததும், “கடல் முடியவே மாட்டேங்குதும்மா,” என்றாள். அது பறவைகளின் தூக்கம், அவளுடையது இல்லை. இருந்தாலும் தூக்கம் தூக்கம்தானே என்று வீடு மூச்சு விட்டது. பறவைகள் வரத்து நின்று டப்பா காலியானபோது அம்மா ஒரு தப்புச் செய்தாள். ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் பெருக்கியதையும் தலையணையில் தூவிவிட்டாள். அன்றைக்கு மகள் தூங்கினாள், ஆனால் வலது கால் பொழுதுக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அப்பாவோ பொட்டுத் தூக்கம் இல்லாமல் எழுந்து வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். கண்கள் சிவந்து அவர் வண்டியெடுக்கப் போனதைப் பார்த்துப் பெருக்குகிறவள் நடுங்கிப்போனாள். “ஒருத்தர் தூக்கத்தப் புடுங்கி இன்னொருத்தருக்குக் குடுக்கற பொழப்பு நமக்கு வேணாம்,” என்று டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். மகள் மறுபடி தைக்கத் தொடங்கினாள். அடுத்த கோடையிலும் பறவைகள் வந்தன, அவை வந்த நாட்களுக்கு மட்டும் அவள் தூங்கினாள்.

மூன்றாவது கோடைக்குப் பணிமனைக்குப் புது மேலாளர் வந்திருந்தார். நிறுத்தத்தைத் தவறவிட்டவர்களின் புகார்கள் அவர் மேசையில் குவிந்திருந்தன. பறவைகளை ஏற்றக் கூடாது என்று உத்தரவு போட்டு, அதை நிறைவேற்றத் தானே கடற்கரை நிறுத்தத்துக்கு வந்து நின்றார். கதவு மூடியது. பறவைகள் வண்டிக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டன. அது மறியல் இல்லை, அவற்றால் நகர முடியவில்லை. நடத்துநர் பையை வீசி விரட்டிப் பார்த்து மூச்சு வாங்கினார். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அப்பா மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மகள் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். சாலையைப் பார்த்தாள். களைப்பு தெரியாத ஆள் அங்கே அவள் ஒருத்திதான். பின்கதவைத் தானே திறந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். தடுக்க வந்த மேலாளரின் கையில் நாரையைக் கொடுத்து, “இதக் கொஞ்சம் புடிங்க சார்,” என்றாள். நாரை அவர் தோளில் கழுத்தைப் போட்டுக்கொண்டது. அதன் பிறகு அவரே அதை ஜன்னலோரம் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

கடைசியாக எடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குருவி. அதற்குத் தொலைநோக்கிக்காரர்கள் பிறகு சொன்ன பேர் யார் வாயிலும் நுழையவில்லை. அது அவள் கையிலேயே தூங்கிவிட்டது. கீழே வைக்கப் போனால் நடுங்கியது. வேறு வழியில்லாமல் அவளும் இருக்கையில் உட்கார்ந்தாள். “நான் முழிச்சிட்டேதாம்பா இருப்பேன்,” என்று அப்பாவிடம் சொன்னாள். மரக்கிடங்கு வளைவு தாண்டியதும் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்ததைத் தலைக்கு மேலிருந்த வண்டிக் கண்ணாடியில் பார்த்தார் ஓட்டுநர். தலையணை இல்லை, தூள் இல்லை. எழுப்பவும் மனம் வரவில்லை, எழுப்பாமலிருக்கவும் பயம். வண்டியை நடக்கிற வேகத்தில் செலுத்தினார்.

காட்டு முனையில் பறவைகள் இறங்கும் சத்தத்தில் அவள் விழித்தாள். கைகள் மூடியிருந்தன. தூங்கிவிட்டோம் என்று தெரிந்ததும் முகம் வெளுத்து, கையைத் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நடத்துநர் பக்கத்தில் உட்கார்ந்து, “தொறந்து பாரும்மா. நான் இருக்கேன்ல, பாரு,” என்றார். திறந்தாள். குருவி முழித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. இவ்வளவு நேரம் அடைத்துவைத்ததற்கு அவள் விரலில் ஒரு கொத்து கொத்திவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அவள் வாய்விட்டு அழுதாள். குழந்தை போனபோது அழாததையும் சேர்த்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கொட்டாவி வந்தது. “காலெல்லாம் வலிக்குதுப்பா,” என்றாள். “வலிக்கும்மா, வலிக்கும்,” என்று சொன்ன ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் மகள் உட்கார்ந்திருந்த இருக்கையில் கிடந்த தூள் கறுப்பாக, முறத்தில் ஏறாத கனத்தில் இருந்தது. அது யாருடையது என்று பெருக்குகிறவளுக்குத் தெரிந்தது. அதைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள், துடைப்பத்தை மடியில் வைத்தபடி தூங்கிப்போனாள். காவலாளி எழுப்பாமல் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போனார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் அவளைத் தேட ஆள் இல்லை. அடுத்த கோடைக்குள் முன்வரிசை பறவைகளுக்கு என்று மேலாளர் பலகை எழுதிவைத்தார். தொலைநோக்கிக்காரர்கள் இப்போது நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் குறித்துக்கொள்கிறார்கள். பெருக்குகிறவள் தூளை மற்ற குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிடுகிறாள். பணிமனைக் குப்பைமேட்டில் நாய்கள் நன்றாகத் தூங்குகின்றன.