பாதி கூண்டுகள்

செப்டம்பர் கடைசியில் அந்தத் தண்ணீரில் கை விட்டால் விரல் மரத்துப்போக வேண்டும். கோரின் முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். குளிப்பதற்கு விளாவி வைத்த மாதிரி இருந்தது. படகின் மறுமுனையில் அவள் கணவன் லொவெல் கண்டும் காணாதவனாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வடகரையில், அந்த விரிகுடா முழுக்க அவர்களுடைய சிப்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக மிதந்தன. ஒரு சிப்பி விற்கிற அளவுக்கு வளர நான்கு வருடமாவது ஆகும். டிசம்பரில் தண்ணீர் உறைவதற்கு முன், கூண்டுகளைத் தாங்கி நிற்கும் மிதவைகளின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பிக் கூண்டுகளை அடியில் இறக்கிவிடுவார்கள். குளிரில் சிப்பி தூங்கிவிடும், ஒன்றும் ஆகாது. ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி நாள்கணக்கில் விட்டால் சேற்றில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். போன வருடம் அப்படித்தான் ஆனது. புயல் வருகிறது, மிதக்கிற கூண்டுகளை அலை பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று கோரின் ஒற்றைக்காலில் நின்று எல்லாவற்றையும் இறக்க வைத்தாள். புயல் கிழக்கே திரும்பிப் போய்விட்டது. ஓயாத காற்றில் படகை எடுக்க முடியாமல் போய், ஒருவழியாக ஏற்றிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு நாறிக் கிடந்தது. லொவெல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இப்போது மறுபடி ஒரு புயல். தெற்கே கிளம்புகிற புயலெல்லாம், தீவுக்குத் தெற்கே இருக்கிற நோவா ஸ்கோஷியாவை நெருங்கும்போதே குளிர்ந்த கடலில் பல் பிடுங்கிய பாம்பாகிவிடும், நமக்கு மிஞ்சுவது மழைதான் என்பது லொவெலின் அப்பா காலத்துக் கணக்கு. அவர் காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. இந்த வருடம் கடல் வழக்கத்தைவிடச் சூடு, அதனால் வலு குறையாமலே வரலாம் என்றது வானொலி. அந்த 'லாம்' அவளைப் படுத்தியது. படகுத்துறையில் பக்கத்து வயல்காரர் பெர்லி, இந்தத் தடவை சிப்பிகளை எப்படிக் கொல்வதாக உத்தேசம் என்று அவளிடமே கேட்டுச் சிரித்திருந்தார்.

"எறக்கிடலாம்," என்றாள்.

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"சொன்னேன். தப்பாப் போச்சு. அதுக்காக இப்ப வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"பாதி உன்னுது, பாதி என்னுது. உன்னுத நீ எறக்கு. என்னுத நான் தொடமாட்டேன். அப்புறம் ஒருத்தர ஒருத்தர் குத்திக்காட்டக் கூடாது."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எதுவும் அப்படிப் பிரிந்ததில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சரி என்றாள். அவள் மூடிகளைத் திறக்கத் திறக்க, அவன் படகை அலையில் ஆடாமல் பிடித்துக்கொடுத்தான். மூடியில் மட்டும் கை வைக்கவில்லை.

புயல் விடியற்காலையில் வந்தது. குளிர்காலப் புயல்கள் அவர்களுக்குப் பழக்கம். மொட்டை மரங்களுக்கு நடுவே ஊளையிட்டுப் போய்விடும். இதுவோ இன்னும் இலை உதிராத மரங்களைப் பிடித்து உலுக்கி வேரோடு சாய்த்தது. காற்று வெதுவெதுப்பாக இருந்ததுதான் கோரினை அதிகம் பயமுறுத்தியது. லொவெல் சன்னலை விட்டு நகரவேயில்லை.

மழை விட்டதும் பெர்லி வந்தார். கேலி எதுவும் இல்லை. "ஒன்னோட கூண்டெல்லாம் என் உருளைக்கிழங்கு வயல்ல கெடக்குப்பா," என்றார் லொவெலிடம்.

ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கோரின் நாக்கு நுனியில் வைத்திருந்தாள். வயலில் முறுக்கிக்கொண்டு கிடந்த கம்பிகளுக்கு நடுவே லொவெல் குத்துக்காலிட்டு, கிழங்குச் செடிகளுக்கு அடியிலிருந்து சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போடுவதைப் பார்த்தாள். பெரும்பாலானவை ஓடு நொறுங்கிப் போயிருந்தன. இன்னொரு வாளி எடுத்துவந்து அவளும் உட்கார்ந்தாள்.

அவளுடைய பாதிக் கூண்டுகள் இன்னும் அடியில் இருந்தன. அதன்பிறகும் காற்று விடவில்லை. ஒவ்வொரு நாளும் கரையில் நின்று அந்த வெற்றுத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். போன வருடமும் இப்படித்தான் நின்றாள். இதுவும் போனால் தீவை விட்டு வேலை தேடிப் போக வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

ஒருவழியாக அலை அடங்கிய காலையில் படகை எடுத்தார்கள். முதல் கூண்டு கரியைப் பூசியதுபோல் சேறு வழிய மேலே வந்தது. கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. அவனே திறந்து ஒன்றை எடுத்துத் துடைத்தான். ஓடு லேசாகத் திறந்திருந்தது. உயிர் இருந்தால், தட்டினதும் மூடிக்கொள்ளும். கத்திப் பிடியால் தட்டினான். அசையவில்லை.

"பொறு," என்றாள்.

மறுபடி தட்டினான். இரண்டு தலைகளும் அவன் உள்ளங்கைக்கு மேல் குனிந்திருந்தன. ஓட்டின் விளிம்பில் சேற்றுத் தண்ணீர் ஒரு குமிழி விட்டது. பிறகு அந்த இடைவெளி ஒரு நூலளவு குறைந்த மாதிரி இருந்தது. அவன் அதை அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்ததற்காகச் சேற்றுக்குள் கையை விட்டான்.