அடங்காத செல்கள்

காசெல் நகரத்தின் விழித்திரை ஆய்வுக்கூடத்தில் கை என்றால் டெட்லெஃபின் கைதான். எலியின் விழித்திரையிலிருந்து ஒற்றை நரம்புச் செல்லைப் பிரித்தெடுத்து, மயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியில் உறிஞ்சிப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதே கூடத்தில் ஆய்வு செய்யும் உல்ரிக்கே காலையெல்லாம் மல்லுக்கட்டிப் பிடிக்கும் செல், அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் செத்துக் கிடக்கும். அவனுக்கு அப்படி ஆனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

விழித்திரையில் வெளிச்சம் பட்டதும் ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும். வந்த சேதியெல்லாம் அப்படியே மூளைக்குப் போனால் பார்வை கூச்சலாகிவிடும். அதனால் "போதும், அடங்கு" என்று சொல்வதற்கென்றே வேறு செல்களும் அங்கே உண்டு. அவை கசியவிடும் பொருளுக்கு காபா என்று பெயர். எதிர்ச் செல்லின் மேற்சவ்வில் இருக்கும் ஏற்பியில் காபா போய் உட்கார்ந்தால் ஏற்பி கதவுபோலத் திறக்கும், குளோரைடு மின்துகள்கள் உள்ளே பாயும், செல் அடங்கிவிடும். அந்தக் கதவை அடைக்க ஒரு மருந்து இருந்தது. அதைப் போட்டால் காபாவை எவ்வளவு ஊற்றினாலும் செல் அடங்கக்கூடாது.

விழித்திரையின் நடு அடுக்கில் சேதியைக் கைமாற்றும் இருமுனைச் செல்கள் மட்டும் அடங்கின. மருந்து போட்ட பிறகும் காபா எழுப்பும் மின்னோட்டத்தில் பாதி மிச்சம் நின்றது. உல்ரிக்கே அதைப் பேராசிரியர் ஹோல்ஷரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"மருந்து பழசாயிருக்கும்," என்றார் அவர்.

புதுக் குப்பி வந்தது. அதிலும் அதே கதைதான்.

உணவுக்கூடத்தில், அந்த ஊர்ப் பச்சிலைக் குழம்பு ஊற்றிய முட்டையைத் தின்றுகொண்டிருந்த டெட்லெஃப் உல்ரிக்கே சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். "அது நோஞ்சான் செல், உல்லி. எனக்கும்தான் வருது. தூக்கிக் கொட்டிட்டு அடுத்ததைப் பிடி, மண்டையை உடைச்சுக்காதே."

"நீ எவ்வளவு காலமா கொட்டிக்கிட்டிருக்கே?"

"வந்ததுலேர்ந்துதான். ஏன்?"

"கொட்டினதெல்லாம் இருமுனைச் செல்லா?"

அவன் மெல்வதை நிறுத்தினான்.

விழித்திரைச் செல்கள் எல்லாவற்றிலும் காபாவுக்கு ஒரே வகைக் கதவுதான் என்பது அவனுடைய முனைவர் ஆய்வின் அடித்தளம். கோடையில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு மருந்து நிறுவனம் ஒன்றில் சேர்வதாக இருந்தான். வேலைக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்கள்.

உல்ரிக்கே வேதியியல் துறையில் கேட்டு ஒரு பொடி வாங்கிவந்தாள். காபாவைப் போலவே இருக்கும், ஆனால் மூலக்கூறின் உடம்பு கொஞ்சம் வளைந்த பொருள். தெரிந்த கதவை அதனால் திறக்க முடியாது. அதைப் போட்டும் செல் அடங்கினால், அங்கே இன்னொரு வகைக் கதவு இருந்தாக வேண்டும்.

அவள் டெட்லெஃபின் மேசைக்குப் போனாள். "செல்லை நீ பிடிச்சுக் கொடு."

"நல்லாயிருக்கே! என் கழுத்துக்குக் கயிறை நானே திரிக்கணுமா?"

"நான் பிடிச்சா என் கை சரியில்லைன்னு சொல்லிடுவே. நீ பிடிச்சதை யாரும் அப்படிச் சொல்ல முடியாது."

அவளை முறைத்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

செல் கொழுகொழுவென்று, நோய் நொடி இல்லாமல் இருந்தது. அவள் பொடிக் கரைசலைத் தெளித்தாள். திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு மெல்ல இறங்கியது; ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டது. இறங்கிய இடத்திலேயே நின்று, அவசரமே இல்லாமல் ஏறியது. டெட்லெஃப் கரைசலைக் கழுவிவிட்டு, வேறொரு செல்லைப் பிடித்து அவனே தெளித்தான். அதே இறக்கம். பக்கத்து அடுக்கில் இருக்கும் வேறு வகைச் செல்லைப் பிடித்துப் பார்த்தான். அதில் கோடு அசையவில்லை. எழுந்து மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹோல்ஷர் பதிவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒழுங்கான மருந்தைப் போய்த் திட்டிட்டேன்," என்று மட்டும் சொன்னார். டெட்லெஃபின் ஆய்வேடு தள்ளிப்போனது. நிறுவனம் காத்திருக்கவில்லை, வேறொருவரை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு டெட்லெஃப் உல்ரிக்கேயைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்வதில்லை. தான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் மேசையைத் தாண்டும்போது அவள் நடை தானாக வேகமாகிவிடும்.

இலையுதிர்காலத்தில் இன்னோர் அடி விழுந்தது. இரண்டாவது கதவைப் பற்றி அமெரிக்கக் குழு ஒன்று கட்டுரை வெளியிட்டுவிட்டது. உல்ரிக்கே அதை வாசித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டாமல் உள்ளே வந்தான் டெட்லெஃப்.

"படிச்சேன்," என்றான். "கதவு இருக்குன்னு சொல்றாங்க. எவ்வளவு நேரம் திறந்திருக்கும்னு அளந்தாங்களா?"

"இல்ல."

"நீ?"

"என் செல் அவ்வளவு நேரம் உயிரோட இருந்தாத்தானே!"

"எனக்கு இருக்கும்."

மறுவாரமே இருவரும் ஒரே கருவியில் உட்கார்ந்தார்கள். அவன் செல்லைப் பிடிக்க, அவள் தெளித்தாள். பழைய வகைக் கதவு படாரென்று திறந்து சட்டென்று சாத்திக்கொள்ளும். புதியது நிதானமாகத் திறந்து, காபாவைக் கழுவிய பிறகும் நெடுநேரம் திறந்தே கிடந்தது. சில செல்கள் ஏன் சட்டென்று அடங்கி விழித்துக்கொள்கின்றன, சில ஏன் வெகுநேரம் அடங்கியே கிடக்கின்றன என்பதற்கு அதில் பாதி விடையாவது இருந்தது.

கட்டுரை எழுதும்போது உல்ரிக்கே பேனாவைக் கீழே வைத்தாள். "என் பேர்தான் முதல்ல வரும். இதுல பேச்சே கிடையாது."

"யாரு இப்போ பேசினா?" என்றான் டெட்லெஃப். "எனக்கு ஆய்வேட்டுல ஒரு அத்தியாயம் வேணும், உல்லி. பேரை நீ தலையில வேணும்னாலும் எழுதி ஒட்டிக்கோ."

கட்டுரை வசந்தத்தில் வந்தது. டெட்லெஃபின் ஆய்வேடு ஓராண்டு தாமதமாக ஏற்கப்பட்டது. பான் நகரில், சம்பளம் குறைந்த ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.